வெள்ளை போர்டு பஸ்ஸில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொளத்தூர் மைனா

போன வியாழக்கிழமை நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் ஒன்றரை இருக்கும். ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர், இன்னும் மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். தூரத்தில் பிங்க் பெயின்ட் தெரிந்ததுமே அம்மா எழுந்து நின்று கையைக் காட்டினார். பஸ் வேகத்தைக் குறைத்தது, எங்களைத் தாண்டியது, ஐம்பது அறுபது அடி தள்ளிப் போய் நின்றது. பையன்கள் ஓடி ஏறிவிட்டார்கள். பெண்களில் ஒருத்தியும் ஓடி ஏறிவிட்டாள். அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, மூட்டுவலி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் பாதி தூரம் போவதற்குள் டபுள் விசில் கேட்டது. கிளம்பிவிட்டது.

அம்மா இன்னொரு கையைத் தூக்கினபடியே நின்றார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. அப்புறம் அதே கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார், அதற்காகத்தான் கையைத் தூக்கினவர் மாதிரி. "ஃப்ரீ பஸ்தானே, அப்படித்தான் போவான். அடுத்ததுல போலாம்" என்றார். காசு கொடுத்து ஏறின முப்பது வருஷத்தில் அம்மா வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்கிற இது எனக்குப் பிடித்த திட்டம். கட்சி பார்த்துச் சொல்லவில்லை. 2021 மே 7 அன்று முதல்வராகப் பதவியேற்ற கையோடு ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட ஐந்து கோப்புகளில் இது ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. மே 10ல் முழு ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுபோனது வேறு விஷயம். ஜூன் கடைசியில் பஸ் ஓடத் தொடங்கினதும் அம்மா வேண்டுமென்றே ஒரு வெள்ளை போர்டில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்த அம்மாதான் இப்போது "அப்படித்தான் போவான்" என்கிறார்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.


லோகோ ஸ்டாப்

எனக்கு மழையில். நிற்காமல் போனதுகூடப் பரவாயில்லை அக்கா, டயர் தண்ணீர் முழுக்க என் மேல். ஆபீசுக்கு அப்படியே போனேன். அந்தச் சுடிதாரில் சேற்றுக் கறை இன்னும் போகவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.


விசில் வீட்டுப் பிள்ளை

மைனா அக்கா, உங்கள் அம்மாவுக்கு நடந்தது தப்பு. அதில் மறுபேச்சு கிடையாது. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் கண்டக்டரும் டிரைவரும் மனசாட்சி இல்லாத ஆட்கள் என்ற இடத்தில் போய் முடிகிறது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

என் அப்பா இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். ஒரு டிரிப்புக்கு இத்தனை நிமிடம் என்று போட்டுக் கொடுத்திருப்பார்கள். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாலும், தலைவர் வருகிறார் என்று அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் அந்த நிமிடம் மாறாது. லேட்டாக உள்ளே வந்தால் டைம் கீப்பரிடம் பேச்சு. சாப்பிட விட்ட கால் மணி நேரம் போய்விடும். அப்பா எத்தனையோ நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ராத்திரி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். கலெக்‌ஷனைப் பார்த்துத்தான் அவர் காலத்தில் பேட்டா. ராத்திரி பேப்பர் விரித்து, சில்லறையை ஐந்து ஐந்தாக அடுக்கி எண்ணுவார். எங்கோ டிக்கெட் மாறி, மீதி கூடப் போய், நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் குறைந்த ஒரு ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது அவர் கைக்காசு. நான் ஸ்கூல் டூருக்குக் கேட்டிருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, நான் எழுத வந்தது இது.

அப்பா 2019ல் ஓய்வு பெற்றார். விசிலை மட்டும் சாவிக்கொத்தில் கோத்து வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் நானும் அவரும் ஸ்டாப்பில் நிற்கிறோம். கூடவே கீரைக்கட்டோடு இரண்டு அம்மாக்கள். வெள்ளை போர்டு வந்தது. நிற்கிற வேகம் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. எங்களை ஒட்டித் தாண்டும்போது அப்பா சாவிக்கொத்தை எடுத்து வாயில் வைத்து ஒரே ஒரு விசில் கொடுத்தார். சிங்கிள் விசில்.

டிரைவர் கால் தானாக பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும். பஸ் குலுங்கி நின்றது. கீரைக்கார அம்மாக்கள் கட்டைத் தூக்கிப் போட்டு ஏறினார்கள், நாங்களும் ஏறினோம். கண்டக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "யாருப்பா விசில் குடுத்தது?" என்று கோபமாகத்தான் வந்தார். அப்பா சாவிக்கொத்தைக் காட்டினார். பையன் முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் அந்த அம்மாக்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். கீரைக்கட்டுக்கு லக்கேஜ் கேட்கவில்லை.

நான் பெருமையாக வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். "நானும் எத்தனை ஸ்டாப்புல நிக்காம போயிருக்கேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்த விசில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.


மெரினா காற்று

விசில் கதையைப் படித்த பிறகு நான் எழுதாமல் இருந்தால் நியாயம் இல்லை. என் தரப்பில் தப்பு இருக்கிறது.

2024 ஐபிஎல். சேப்பாக்கத்தில் மேட்ச். அந்த சீசனில் சிஎஸ்கே மேட்ச் டிக்கெட் காட்டினால், ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்து ஏசி இல்லாத மாநகர பஸ்ஸில் காசு கிடையாது. தோனி கேப்டன் பொறுப்பை ருதுராஜிடம் கொடுத்த சீசன். இனி எத்தனை மேட்ச் பார்க்கக் கிடைக்குமோ என்று நாங்கள் ஆறு பேர் 1,700 ரூபாய் டிக்கெட்டை எப்படியோ பிடித்துவிட்டோம். எல்லோரும் மஞ்சள் ஜெர்ஸி. ஐந்து மணி வாக்கில் பஸ்ஸில் ஏறி, மேட்ச் டிக்கெட்டைக் காட்டினோம். கண்டக்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு அம்மா ஏறினார். பெரிய அலுமினியப் பாத்திரம், வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. சுண்டல். பீச்சுக்கு விற்கப் போகிறார். பாத்திரத்தை இறக்கி வைக்க இடம் தேடினபோது எங்களில் ஒருத்தன் சொன்னான், "ஃப்ரீயில வர்றதுக்கு இவ்ளோ லக்கேஜ் வேறயா." மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தை அல்ல, அவன் கையைப் பார்த்தார். கையில் மேட்ச் டிக்கெட். பிறகு எங்கள் எல்லோர் கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தன் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துணியில் ஈரம் இருந்தது, மாங்காய் வாசம் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அன்றைக்கு மேட்ச் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த அம்மா எங்கள் கையைப் பார்த்தது மட்டும் அப்படியே இருக்கிறது.


கணக்குப்பிள்ளை

மெரினா காற்று அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேட்ச் டிக்கெட்டுக்கு விட்ட பயணத்துக்கு அணி நிர்வாகம் பணம் கொடுத்தது. பெண்கள் பயணத்துக்கு அரசு கொடுக்கிறது, அதாவது நீங்களும் நானும் கொடுக்கிறோம். அதனால் கேள்வி கேட்க உரிமை உண்டு.

கேள்வி கேட்கிற உரிமை என்றுதான் சொல்கிறேன், கேலி பேசுகிற உரிமை என்று சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் ஒரு அமைச்சரே பெண்களின் பஸ் பயணத்தை மேடையில் "ஓசி" என்று சொல்லி அது பெரிய சண்டையானது ஞாபகம் இருக்கும். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு. என் வாதம் அப்போதும் இதுதான், இப்போதும் இதுதான். வரி என்பது சம்பளக்காரன் கட்டுகிற வருமான வரி மட்டும் இல்லை. சுண்டல் விற்கிற அம்மா வாங்குகிற சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது. மெட்ரோ பாலத்தில் என் டிக்கெட்டுக்கு நான் கொடுக்கிற காசு அந்தப் பாலம் கட்டின செலவில் ஒரு துளி. மீதியை யார் கொடுத்தார்கள்? மெட்ரோவில் ஒரு நாளும் கால் வைக்காதவர்களும் சேர்ந்துதான் கொடுத்தார்கள். மெட்ரோவில் வருகிற என்னை யாரும் ஓசி என்று சொன்னதில்லை.

மாநிலத் திட்டக் குழு எடுத்த ஆய்வில், இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எங்கள் ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் இந்த எண்ணைச் சொன்னேன். "எனக்கு அவ்ளோ வராது சார், நான் ரெண்டு பஸ் மாறலையே" என்றார். சராசரி என்றால் என்னவென்று அவரிடம் விளக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.


வைகைக்கரை டீச்சர்

கணக்குப்பிள்ளை சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. இது மதுரை.

பெரியார் நிலையத்திலிருந்து சிம்மக்கல் வழியாகப் போகிற டவுன் பஸ், காலையில் ஏழு மணிக்கு முன்னால். செல்லூர்க்கார அக்கா ஒருவர் எனக்குத் தினமும் பக்கத்து சீட். அண்ணா நகரில் மூன்று வீடுகளில் வேலை. கண்டக்டர் கொடுக்கிற ஃப்ரீ டிக்கெட்டை நாங்கள் எல்லாம் கசக்கிக் கீழே போட்டுவிடுவோம். இவர் மட்டும் நீவி விட்டு, நாலாக மடித்து, சுருக்குப்பையில் வைப்பார். செக்கிங் பயம் என்று நினைத்திருந்தேன். இறங்கின பிறகும் தூக்கிப் போட மாட்டார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். சுருக்குப்பையைத் திறந்து காட்டினார். ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. "ஒரு மாசத்துதுங்க டீச்சர். மாசக் கடைசியில எண்ணுவேன். முன்னாடி குடுத்த காச இத்தனை சீட்டால பெருக்குனா எம்புட்டு மிச்சம்னு தெரிஞ்சுரும்ல. அந்தக் காச அப்படியே எடுத்துத் தனியா வச்சுருவேன். இல்லாட்டி அது எங்கிட்டுப் போச்சுன்னே தெரியாதுல்ல." எதற்கு என்று கேட்டேன். பேத்திக்குத் தோடு.

ஒரு சீட்டுக்கு ஒரு விரல் அளவு அகலம்கூட இருக்காது. மை ஒரு மாசத்தில் மங்கிவிடும். அந்தக் கட்டை அவர் பிடித்திருந்த விதம், நான் பேங்க் லாக்கர் சாவியைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. இருபது வருஷமாகப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றைக்கு வகுப்பில் இந்தக் கணக்கைத்தான் போட்டேன். பிள்ளைகள் எல்லோரும் அவரவர் அம்மாவின் பஸ் கட்டணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.


ஓசூர் ரோஜா

எங்கள் கதை கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஆரம்பம். கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவச பஸ் பயணம் தருகிற சக்தி திட்டம் 2023 ஜூன் 11ல் வந்தது. அங்கே கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். நம் ஊரில் பெண்ணாக இருந்தால் போதும், யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. என் மாமியாருக்கு அது தெரியாது. பெங்களூரில் சிட்டி பஸ்ஸில் ஏறி, பெண்களுக்கு எல்லா இடத்திலும் இலவசம்தானே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் ஆதாரைப் பார்த்தார், தமிழ்நாடு. டிக்கெட் எடுக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், விதி அதுதான். மாமியார் என்னைப் பார்க்கிறார், நான் கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறேன், பர்ஸ் என்னிடம். நான் முன்னால் வருவதற்குள் பக்கத்தில் இருந்த கன்னடக்கார அம்மா இருபது ரூபாய் நோட்டை நீட்டி, "அஜ்ஜிக்கு", அதாவது பாட்டிக்கு, என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு ஃப்ரீ டிக்கெட், என் மாமியாருக்குக் காசு டிக்கெட், இரண்டையும் வாங்கினது ஒரே கை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. மாமியார் பையிலிருந்து கிருஷ்ணகிரி மாம்பழம் இரண்டு எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டார்.


வழிகாட்டி 75

எல்லோருக்கும் வணக்கம். நானும் ஒரு முறை தவறான பஸ்ஸில் ஏறி இறங்க நேர்ந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் போர்டைப் பார்க்கப் பழக வேண்டும். வெள்ளை போர்டு சாதாரணக் கட்டணம், அதில்தான் பெண்களுக்கு இலவசம். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி எதிலும் கிடையாது. தூரத்திலிருந்து போர்டு தெரியவில்லை என்று பெண்கள் சொன்னதால்தான் 2022 ஆகஸ்டில் சென்னையில் முன்னாலும் பின்னாலும் பிங்க் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாவது, நிழற்குடைக்குள்ளே உட்கார்ந்திருந்தால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. குடைக்கு முன்னால், பஸ் வருகிற திசையைப் பார்த்து, ரோட்டோரத்தில் நிற்க வேண்டும். கையை மேலே தூக்குவதைவிடப் பக்கவாட்டில் நீட்டினால் நன்றாகத் தெரியும். மூன்றாவது, பஸ் நிற்காமல் போனால் கோபப்படாமல் வண்டி நம்பர், தடம் எண், நேரம், ஸ்டாப் பெயர் நாலையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம்பர் இல்லாத புகாரை யாராலும் விசாரிக்க முடியாது. நாலாவது, சென்னை ஒன் ஆப் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதில் டிக்கெட் எடுக்கலாம். எந்த பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்பினால் ஸ்டாப்பில் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாவது, சிங்காரச் சென்னை கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், அவசரத்துக்கு மெட்ரோவிலும் பஸ்ஸிலும் சில்லறை தேடாமல் போகலாம். ஆறாவது, வயதானவர்களை அழைத்துப் போகும்போது கூட்ட நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. மூட்டுவலிக்கு முழங்காலில் மாட்டுகிற நீ கேப் உறையைப் போட்டுக்கொண்டு ஏறினால் படி ஏறுவது சுலபம், என் சம்பந்திக்கு நல்ல பலன் கொடுத்தது. ஏழாவது, காலையில் வெறும் வயிற்றில்


மைனாவின் தங்கை

ஐயா, மன்னிக்கணும், இடையில் வருகிறேன். அக்கா வேலையில் இருக்கிறாள். அம்மா நிழற்குடைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து, முன்னால் வந்து, கையைக் காட்டினார். கூட்ட நேரமும் இல்லை, மதியம் ஒன்றரை. ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு பஸ் நிற்க வேண்டும். அதற்கு அம்மா எந்த ஆப்பும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. நீ கேப் அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிறது.


நாலு சக்கரம்

நான் வீல்சேரில் இருப்பவன். வயது நாற்பத்தொன்று. மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருகிறவருக்கும் 2021லேயே இலவசம் ஆக்கிவிட்டார்கள். அந்த அரசாணைச் செய்தியை அப்பா பேப்பரில் படித்துக் காட்டினபோது இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. மூன்று படி ஏற வேண்டிய பஸ்ஸில் டிக்கெட் இலவசமானால் எனக்கு என்ன?

இங்கே நிற்கவில்லை, தள்ளி நிறுத்தினார்கள் என்று பேசுகிறீர்கள். எனக்கு முப்பத்தொன்பது வயது வரை எல்லா பஸ்ஸும் நிற்காத பஸ்தான். ஆட்டோவுக்குக் கொடுத்த காசை வைகைக்கரை டீச்சரின் செல்லூர் அக்கா மாதிரி எண்ணியிருந்தால் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பேன். தாழ்தள பஸ் வேண்டும் என்று நம் ஆட்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. ஒரு வாரம் கழித்து நான் போய் ஸ்டாப்பில் நின்றேன். கையைக் காட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டி எனக்குப் பழக்கமே இல்லை.

நின்றது. நின்ற பிறகு "உஸ்" என்று ஒரு சத்தம். பஸ் என் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. யானை மண்டியிடுகிற மாதிரி. கண்டக்டர் இறங்கி வந்து, நடு வாசலில் மடித்து வைத்திருந்த பலகையைக் கொக்கி போட்டுத் தூக்கி, பிளாட்பாரத்தில் விரித்தார். அவருக்கும் அது புதுசு, முதல் தடவை சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்துப் போட்டார். உள்ளே நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது "லேட் ஆகுது" என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு வியர்த்தது. யாரும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் அவன் அம்மாவிடம், "பஸ் ஏன்மா கீழ இறங்குது?" என்று கேட்டான். அந்த அம்மா, "மாமா ஏறணும்ல" என்றார்.

உள்ளே போனதும் பெல்ட் மாட்டிவிட்டார் கண்டக்டர். எங்கே போகணும் சார் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கே போவது என்று யோசிக்காமல் கிளம்பி வந்திருக்கிறேன். "கடைசி ஸ்டாப்" என்றேன்.

விசில் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. டைம் கீப்பர், பேட்டா எல்லாம் உண்மையாகவே இருக்கலாம் தம்பி. அன்றைக்கு அந்த கண்டக்டருக்கும் டைம் கீப்பர் இருந்திருப்பார். எனக்காக மூன்று நிமிடமாவது போயிருக்கும். அவர் வாட்சைப் பார்க்கவில்லை, நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை. விசிலைக் கழற்றி வைத்தாரே, அவரிடம் நான் பேச வேண்டும் போல இருக்கிறது.


விசில் வீட்டுப் பிள்ளை

அண்ணே, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பலகை எவ்வளவு கனம் இருக்கும், ஒரு ஆள் தூக்க முடியுமா என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.


மெரினா காற்று

கணக்குப்பிள்ளை சார், அணி காசு கொடுத்தது என்று எனக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் அரசு காசு கொடுத்தது. என் டிக்கெட்டுக்கும் நான் கொடுக்கவில்லை, அவர் டிக்கெட்டுக்கும் அவர் கொடுக்கவில்லை. ஆனால் சிரித்தது நாங்கள் மட்டும்தான். இதைத்தான் சொல்ல வந்தேன். அப்புறம் நாலைந்து முறை அதே நேரத்தில் அதே பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அவரைக் காணவில்லை. பீச்சிலும் தேடினேன், கண்ணகி சிலையிலிருந்து லைட்ஹவுஸ் வரை. சுண்டல் விற்கிறவர்கள் நிறையப் பேர், எனக்கு முகம் சரியாக ஞாபகம் இல்லை. பாத்திரத்தின் துணி முடிச்சுதான் ஞாபகம் இருக்கிறது.


கொளத்தூர் மைனா

இப்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணில் இன்னும் மருந்து விடுகிறார், எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அதனால் வாசிக்க வேண்டியிருந்தது. தோடு வாங்கச் சீட்டு சேர்க்கிற அக்கா கதையை இரண்டு தடவை கேட்டார். வழிகாட்டி ஐயா, தங்கை பேசியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னது உபயோகமானது, நான் அன்றைக்குக் குறிக்கவில்லை.

விசில் வீட்டுத் தம்பி, அம்மா உங்கள் அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். தொண்ணூறுகளில் அம்மா கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் விட்டால் நூறு நூற்றைம்பது பெண்கள் ரோட்டுக்கு ஓடி வருவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு கண்டக்டர், பஸ்ஸைக் கிளப்பாமல், படிக்கட்டில் நின்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பாராம். கடைசிப் பெண் ஏறும் வரைக்கும் கை இறங்காதாம். அதற்குப் பிறகுதான் டபுள் விசில். பெயர் தெரியாது. மீசை உண்டு, சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மை பேனா. அது உங்கள் அப்பாவா என்று கேட்கிறார்.


விசில் வீட்டுப் பிள்ளை

கேட்டேன் அக்கா. அப்பா கிண்டிப் பக்கமே ஓடினதில்லையாம், அவருக்கு முழுக்க வடசென்னைதான். மீசையும் கிடையாது. ஆனால் அந்த ஆளைத் தெரியுமா என்று பழைய சிநேகிதர்களுக்கு இப்போது ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். சிவப்பு மை பேனாவை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்.